அரக்கு முத்திரை வைத்த வால்வு

ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஆவுடைநாயகம் இந்த உலகத்தில் முழுதாக நம்பியது இரண்டை மட்டும்தான். ஒன்று, இடது கைப் பெருவிரல் ரேகை. இன்னொன்று, தன்னுடைய காது.

கையெழுத்தை அவர் நம்புவதில்லை. முப்பத்துநாலு வருஷப் பத்திரப்பதிவில் அண்ணன் கையெழுத்தைத் தம்பி போட்டதையும், தம்பி கையெழுத்தைச் செத்துப்போன அப்பா வந்து போட்டதையும் பார்த்தவர். பால்காரன் ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், அவன் கண்ணைப் பார்ப்பார். திருநெல்வேலி டவுணில் அவர் வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட, கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஏதோ குற்றம் செய்தவர் மாதிரிதான் சைக்கிளில் ஏறுவார்.

காது விஷயம் ஊருக்கே தெரியும். நெல்லை நாத ரசிகர் மன்றத்துக்குத் தாளில் முப்பத்தொரு உறுப்பினர்கள். ஆளாக வருகிறவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில், தவிலுக்கு அன்று காலையில் தோல் மாற்றியிருக்கிறார்களா என்பதை மூன்றாவது வரிசையில் இருந்தே சொல்லக்கூடியவர் ஆவுடைநாயகம் ஒருவர்தான். இதைச் சொன்னவரும் அவர்தான். தவில்காரரிடம் போய் யாரும் விசாரித்ததில்லை.

மன்றத்தின் பழைய தலைவர் 1994 ஆடியில் காலமானார். நாற்காலி காலி. அதற்கு இரண்டு பேர் குறி வைத்திருந்தார்கள். ஒருவர் ஆவுடைநாயகம். மற்றவர் தாணுமாலையன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கச்சேரியில் கண்ணை மூடித் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தூங்குகிறாரா ரசிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வருஷமாக ஆவுடைநாயகத்துக்கு எந்த நாகஸ்வரத்திலும் உயிர் இல்லை. முதலில் டேப்பைச் சந்தேகப்பட்டார். பிறகு கேசட்டை. பிறகு கரண்டை. 'இப்ப வார கரண்டுல சத்தே இல்லை' என்று மின்சார அலுவலகத்துக்கு ஒரு மனுக்கூட எழுதினார். கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். டிரான்சிஸ்டர். அந்தக் காலத்து ரேடியோவில் கண்ணாடிக் குமிழுக்குள் தணல் மாதிரி எரியுமே வால்வு, அது போய் டிரான்சிஸ்டர் வந்ததும்தான் நாதம் தகரமாகிப்போனது.

அவர் மனைவி பிரம்மநாயகிக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஒரு நாள் குக்கரை அடுப்பில் வைத்து, "மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. ஆவுடைநாயகம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"விசிலே வரலை. குக்கர்ல கோளாறு" என்றார்.

அன்று சாயந்தரமே போய்க் குக்கருக்குப் புது ரப்பர் வாங்கி வந்தார். பிரம்மநாயகி கரிந்த பருப்பைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். உத்தியோகம் போய்விட்டது. வாசலில் காத்து நிற்கும் கூட்டம் போய்விட்டது. காதும் போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் இந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும்? அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் கிருபைராஜ் வந்தான். பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயது. கோயில் கொடை, சர்ச் பண்டிகை, கல்யாண வீடு என்று எல்லா மைக் செட்டும் பழுதானால் அவன் மேசைக்குத்தான் வரும். ஆவுடைநாயகத்தின் அப்பா காலத்து ரேடியோவைத் திறந்து பார்த்து, அதில் உள்ள வால்வுகளை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டித்தர ஒப்புக்கொண்டான்.

"பொட்டியைக் கடைக்குக் கொண்டு போறேன் அண்ணாச்சி. பத்து நாள்ல முடிச்சுக் கொண்டாந்திருதேன்."

"கடைக்கா?" ஆவுடைநாயகம் சிரித்தார். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. "இங்கனயே கட்டும்வே. கரண்டு நான் தாரேன். மேசை நான் தாரேன். உம்ம கடையில நூறு வால்வு கெடக்கும். எது எம்முது, எது உம்முதுன்னு வால்வு வாயைத் தொறந்து சொல்லுமா?"

அப்படித்தான் கூடத்தில் தொழிற்சாலை தொடங்கியது. முதல் நாளே ஆவுடைநாயகம் ஒரு முழுத்தாளில் வால்வுகளின் அட்டவணையை எழுதி, கிருபைராஜின் பெருவிரல் ரேகையை வாங்கினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் அண்ணாச்சி."

"அதனாலதான் ரேகை."

அதோடு விடவில்லை. அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறும்போது எப்படியோ கூடவே வந்துவிட்ட சிவப்பு அரக்குத் துண்டை மெழுகுவத்தியில் காட்டி, பயன்படப்போகும் இரண்டு சிறிய வால்வுகளின் உச்சியிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். முத்திரை வைக்கப்பட்ட வால்வைக் கிருபைராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். பெருவிரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் செம்மண் தண்ணீர் போவதாகப் பேச்சு. கிருபைராஜ் காலையில் டவுண் பஸ்ஸில் குடையும் பையுமாக வந்து இறங்குவான். அலுமினியத் தகட்டில் கோடு கிழித்து, கைத்துரப்பணத்தால் வட்டமாகத் துளை துளையாகப் போட்டு, நடுவைத் தட்டிப் பெயர்த்து, அரத்தால் ராவுவான். ஒரு வால்வுக் குழிக்கு அரை நாள் ஆகும். அரத்தூள் தரையெல்லாம் மின்னும். மதியம் பிரம்மநாயகி சொதியும் இஞ்சித் துவையலும் போடுவாள். கூடத்து ஜன்னலில் அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, அவனும் பேசவில்லை, குடித்துவிட்டுக் கழுவி வைத்தான்.

நாலாவது நாள் அவன் குண்டைப் போட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. வால்வை மட்டும் வச்சு இந்தச் செட்டை முடிக்க ஏலாது. ஸ்பீக்கருக்குப் போற டிரான்ஸ்ஃபார்மரை எலி கடிச்சு உள்ள சுருள் எரிஞ்சுபோய்க் கெடக்கு. இப்ப யாரும் அதைச் சுத்துறதில்லை."

"அதனால?"

"முன்பக்கம் வால்வு. இசைத்தட்டுல இருந்து வார சின்ன சத்தத்தை அது வளர்த்துக் குடுக்கும். பின்பக்கம் டிரான்சிஸ்டர். அது ஸ்பீக்கரைத் தள்ளும். குரல் வால்வோடது, முதுகு டிரான்சிஸ்டரோடது."

ஆவுடைநாயகம் எழுந்து நின்றார். "மன்றத்துல ரெண்டு வருசமா டிரான்சிஸ்டரைத் திட்டிக்கிட்டு இருக்கேன். எங்கூட்டுக்குள்ளயே அதை ஏத்தச் சொல்லுதீரா?"

"தள்ளுறதுக்குத்தான் அண்ணாச்சி. பாடுறதுக்கு இல்லை."

உள்ளேயிருந்து பிரம்மநாயகி, "பல்லக்குல இருக்கது சாமிதான? தூக்குறவங்களைப் பத்தி என்ன?" என்றாள்.

ஆவுடைநாயகம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, டிரான்சிஸ்டர் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கலாம் என்று அனுமதித்தார். மன்றத்தாரிடம் 'வால்வு செட்டு' என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கரண்டு கொடுத்துச் சோதிக்கிற வேலை தொடங்கியதும் புதுச் சந்தேகம் வந்தது. கிருபைராஜ் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்தான். ஆவுடைநாயகம் நாற்காலியை நகர்த்தி அவன் முதுகுப் பக்கம் போட்டார். கிருபைராஜ் திரும்பினான். நாற்காலியும் திரும்பியது.

"என்னத்தப் பாக்குதிய அண்ணாச்சி?"

"அந்தக் கையில என்ன இருக்கு?"

கிருபைராஜ் வெறுங்கையை நீட்டிக் காட்டினான். "உள்ள முந்நூறு வோல்ட் ஓடுது. ரெண்டு கையும் உள்ள இருந்தா ஒரு கை வழியா ஏறி நெஞ்சைத் தாண்டி மறுகைக்குப் போயிரும். ஒத்தக் கைன்னா விரலோட போயிரும். எங்க குருவே சொல்லிக்கொடுக்கலை, ஒருக்கா தூக்கி எறிஞ்சது, நானாப் படிச்சேன்."

ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார். நாற்காலியை நகர்த்தவில்லை.

ஒன்பதாவது நாள் பிற்பகல், செட்டு உயிர் பெற்றது. கண்ணாடிக் குமிழ்களில் ஆரஞ்சு நிறத் தணல். பின்னால், சீப்புப் பல் மாதிரி வெட்டிய அலுமினியக் கட்டியில் டிரான்சிஸ்டர்கள் சூடேறின. கிருபைராஜ் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துச் செட்டோடு கம்பியால் இணைத்தான். குமிழைத் திருகினால் ஒரே சீரான ஊதல் வரும். திருகத் திருகத் தடித்த சத்தம் மெல்லிசாகி மேலே போகும். செட்டு எல்லாச் சுருதியையும் ஒழுங்காகத் தருகிறதா என்று பார்க்கத்தான்.

"கேக்குதா அண்ணாச்சி?"

"சங்கு மாதிரி இருக்கு."

"இது?"

"கேக்குது. மேல போகட்டும்."

கிருபைராஜ் திருகினான். விசில் ஊசியாகக் கூடத்தைக் குத்தியது. அடுக்களை வாசலில் பிரம்மநாயகி முந்தானையால் இரண்டு காதையும் பொத்தினாள்.

ஆவுடைநாயகம் சாய்ந்து உட்கார்ந்தார். "ம், போடும்வே. எவ்வளவு நேரம் சும்மா இருக்கது?"

கிருபைராஜ் அவரைப் பார்த்தான். அப்புறம் அடுக்களை வாசலைப் பார்த்தான். பெட்டியை அணைத்தான். "போதும் அண்ணாச்சி. எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

டம்ளரைக் கழுவப் பின்கட்டுக்குப் போனபோது பிரம்மநாயகி கிணற்றடியில் நின்றாள்.

"தம்பி, பாத்துட்டீங்க."

"பாத்தேன் அம்மா. மெல்லிசுச் சத்தம் அவ்வளவும் போயிட்டு. நாகஸ்வரத்துக்கு உயிரே அங்கனதான். அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இல்லன்னா, தெரிஞ்சுக்கிட விருப்பமில்லை. வார ஞாயித்துக்கெழமை மன்றத்து ஆளுக வாராங்க, செட்டைக் கேக்க. அன்னைக்குத்தான் தலைவர் யாருன்னு முடிவு. அது வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

"எனக்கென்னத்துக்கு அம்மா. நான் செட்டைத்தான் ரிப்பேர் பாக்கேன்."

போகும் முன், சுற்றுப்புற இரைச்சல் புகாமல் இருக்க இரண்டு வால்வுக்கும் குப்பி மாதிரித் தகர மூடி போட்டு இறுக்கினான். "இதைக் கழத்தக்கூடாது அண்ணாச்சி" என்று இரண்டு தடவை சொன்னான்.

கழற்றக்கூடாது என்று ஒருவன் இரண்டு தடவை சொன்னால், அந்த மூடிக்குள் என்ன இருக்கும் என்பதை முப்பத்துநாலு வருஷ அனுபவம் உள்ளவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, ஆவுடைநாயகம் இரண்டு மூடியையும் கழற்றினார். வால்வின் உச்சியில் அரக்கு முத்திரை இல்லை. இரண்டிலும் இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. கள்ளப் பத்திரத்தைக் கண்டுபிடித்தால் உடனே கத்தக் கூடாது, சாட்சிகள் வரட்டும். மூடிகளை மடியில் கட்டிக்கொண்டார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு களை வந்தது. பிரம்மநாயகி அதைப் பார்த்துப் பயந்தாள்.

நாலு மணிக்கு மன்றம் குடைகளோடு வந்தது. தாணுமாலையன், அரிசி மண்டி பாபநாசம், பின்னால் பேசாத இரண்டு பேர். கிருபைராஜ் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்தான். பருப்பு வடை சுற்றி வந்தது. தாணுமாலையன் செட்டைக் கோயில் சிற்பத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"முழுசும் வால்வுதானாவே?"

"வால்வு செட்டு" என்றார் ஆவுடைநாயகம்.

செட்டோடு இணைத்த இசைத்தட்டுப் பெட்டியில் தட்டு சுழன்றது. ஊசி இறங்கியது. நாகஸ்வரத்தில் தோடி எழுந்தது. அதோடு, அதற்கு மேலே, ஒரு மெல்லிய கூர்மையான கிறீச்சல் விடாமல் ஓடியது. மூடியில்லாத வால்வு தன் சத்தத்தைத் தானே வாங்கி ஊளையிட்டது. பாபநாசம் வடையைக் கீழே வைத்தார். பேசாத இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். தாணுமாலையன், இது வால்வுக்கே உள்ள நாதமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையில், பாதி முகத்தைச் சுளித்து மறுபாதியால் தலையாட்டினார்.

ஆவுடைநாயகம் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். எழுந்து, கையால் நிறுத்து என்று காட்டினார். கிருபைராஜ் ஊசியைத் தூக்கினான்.

"பாத்தீங்களாய்யா. நாதம் கெட்டுக் கெடக்கு. உங்க மூஞ்சியே சாட்சி. ஏன் கெட்டுச்சு? இந்த ஆளு என் வால்வைத் திருடிட்டு ஓட்டை வால்வை மாத்தி வச்சிட்டான். நான் வச்ச முத்திரை இல்லை." மடியிலிருந்து தகர மூடிகளை எடுத்து மேசையில் வைத்தார். "ரேகை வச்சிருக்கான். கேஸ் நிக்கும்."

கிருபைராஜ் எழுந்தான். இந்தப் பேச்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் எந்த வீடும் அவனுக்குக் கதவு திறக்காது. அவன் செட்டை அணைத்தான். சூடு ஆறும் வரை நின்றான். துணியால் பிடித்து ஒரு வால்வைப் பைய உருவி, அது செருகியிருந்த குழியை நகத்தால் சுரண்டினான். சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. மற்றதையும் உருவினான். கண்ணாடியின் பின்புறம் ஒரு சிவப்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது.

"தொட்டா விரல் பொத்துப்போற சூட்டுல அரக்கு உச்சியில நிக்குமா அண்ணாச்சி? உருகி எறங்கியிருக்கு. முதல் நாளே சொல்ல வந்தேன். ரேகை வாங்கின பொறவு எனக்குச் சொல்லத் தோணலை."

பாபநாசம் கண்ணாடி போட்டுக்கொண்டு சிவப்புப் பொடியை முகர்ந்து பார்த்தார். "அரக்குதான்" என்று தீர்ப்பளித்தார்.

கிருபைராஜ் வால்வுகளைத் திரும்பச் செருகி, மூடிகளை இறுக்கி, கரண்டு கொடுத்தான். தணல் ஏறியதும் ஊசியை இறக்கினான். தோடி சுத்தமாக வந்தது. கிறீச்சல் இல்லை.

"மூடியைக் கழத்துனா விசிலடிக்கும். அவ்வளவுதான் சங்கதி."

கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். தாணுமாலையன் மட்டும் விடவில்லை. பத்து வருஷம் கடன் விண்ணப்பங்களைப் படித்த மூளை பின்னோக்கிப் போனது.

"ஒரு சந்தேகம்வே ஆவுடைநாயகம். அவ்வளவு நேரம் காதைக் கிழிச்சுதே அந்த விசில். நீரு எங்க மூஞ்சியைப் பாத்துத்தான கண்டுபிடிச்சீரு. உமக்குக் கேக்கலையா?"



"என் காதைச் சந்தேகப்படுதீரா?" என்றார் ஆவுடைநாயகம். குரலில் பழைய கனம் இல்லை.

"சந்தேகம் எதுக்கு? பரீட்சை வச்சிருவோம். கண்ணை மூடிக்கிடும். இவன் மூடியைக் கழத்தட்டும்."

பிரம்மநாயகி அடுக்களை வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள். மன்றம் கூடியிருக்கும்போது அவள் அந்த வாசல் நிலையைத் தாண்டி வந்ததே இல்லை.

"தலைவர் நாக்காலிக்குத்தான பரீட்சை? அப்பம் இவருக்கு மட்டும் எதுக்கு? எல்லாரும் எழுதுங்க. கிருபை தம்பிகிட்ட ஒரு பொட்டி இருக்கு. விசில் பையப் பைய மேல போகும். கேக்குத வரைக்கும் கையைத் தூக்கி வைங்க. கேக்கலன்னா எறக்கிருங்க."

மறுக்க முடியவில்லை. மறுத்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து கைகள் உயர்ந்தன. கண்களை மூட வேண்டும் என்று முடிவானது. நாலு பேரின் கண்கள் அரைவாசிக்கு மூடின, பக்கத்துக் கை தெரிகிற அளவுக்கு. ஆவுடைநாயகம் முழுசாக மூடினார்.

சங்குச் சத்தம் தொடங்கியது. குயில் ஆனது. சீழ்க்கை ஆனது. ஆவுடைநாயகத்தின் புருவம் நெரிந்தது. எதையோ எட்டிப் பிடிக்கிறவர்போல முகத்தை முன்னால் நீட்டினார். தான் கண்ணால் காணாததை அவர் எந்தப் பத்திரத்திலும் கண்டதாக எழுதியதில்லை. கையை இறக்கி மடியில் வைத்தார்.

மற்ற நாலு கைகளும் நின்றன. தாணுமாலையனின் உதட்டோரம் சிரிப்பு வந்தது. கிருபைராஜ் இன்னும் மேலே, அவர்கள் காதுக்கும் எட்டாத இடம் வரை திருகினான். பிறகு, சத்தம் அடியோடு நிற்கும்படி பெட்டியின் கம்பியைச் செட்டிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நேராக நின்றான். நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, அவனைப் பார்க்கவில்லை. தாணுமாலையன் கை இறங்கினால் இறக்கலாம் என்று பாபநாசமும், பாபநாசம் இறக்கட்டும் என்று தாணுமாலையனும் காத்திருந்தார்கள். அரை நிமிஷம் போனது. ஒரு நிமிஷம் ஆனது. கைகள் நின்றன.

"கண்ணைத் தொறங்க" என்றாள் பிரம்மநாயகி.

கிருபைராஜின் கையில் கம்பி தொங்கியது. பாபநாசம் தூக்கிய கையால் தலையைச் சொறிந்தார். தாணுமாலையன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை.

முதலில் சுதாரித்தவர் மண்டிக்காரர்தான். "அப்பம் சத்தம் இல்லைன்னு சரியாச் சொன்ன ஆளு அண்ணாச்சி ஒருத்தர்தான். தலைவர் அவருதான். என்னவே தாணுமாலையன்?"

"ஆமா, ஆமா" என்றார் தாணுமாலையன் அவசரமாக. பேசாத இருவரும் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்தால் போதும் அவர்களுக்கு.

பிரம்மநாயகிக்குக் கண் நிறைந்தது. கணவர் அவளைப் பார்க்கவில்லை. கிருபைராஜைப் பார்த்தார்.

"கிருபைராஜ். நான் கையை எறக்கையில அந்தக் கம்பி எங்க இருந்துச்சு?"

அவன் பிரம்மநாயகியைப் பார்த்தான். அவள் 'வேண்டாம்' என்று தலையசைத்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லும்வே."

"செட்டுலதான் இருந்துச்சு அண்ணாச்சி."

"சத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா."

ஆவுடைநாயகம் மன்றத்தின் பக்கம் திரும்பினார். "தீர்மானத்துல எழுதிக்கிடுங்க. எனக்குக் கேக்கலை. அந்த விசிலும் கேக்கலை. இந்த ஆளு திருடலை. அதையும் எழுதுங்க, நாலு பேரு முன்னால சொன்னதை நாலு பேரு முன்னாலதான் எடுக்கணும்."

எழுத யாரும் பேனா கொண்டு வரவில்லை. சுக்குக் காப்பியைக்கூடக் குடிக்காமல் குடைகள் விரிந்தன. அடுத்த மாதக் கூட்டத்தில் தாணுமாலையன் ஒருமனதாகத் தலைவரானார். அன்றைய பரீட்சையைப் பற்றி எந்தக் குறிப்பேட்டிலும் ஒரு வரி கிடையாது.

அவர்கள் போன பிறகு கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கிருபைராஜ் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தான்.

"கோவமா வே?"

"இருந்துச்சு. இப்ப இல்லை."

ஆவுடைநாயகம் செட்டைப் பார்த்தார். "அந்தப் பொட்டியை இன்னொருக்கா போடும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எம்புட்டு போயிருக்குன்னு பாக்கணும்." மனைவியைப் பார்த்தார். "நீயும் வந்து உக்காரு. கையைத் தூக்கு."

அவள் எதிர் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து கையைத் தூக்கினாள். வளையல் முழங்கைக்குச் சரிந்தது. ஊதல் தொடங்கி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவர் கை இறங்கியது. அவள் கை நின்றது.

"இருக்கா?"

"இருக்கு."

அவர் காத்திருந்தார். கிருபைராஜ் திருகிக்கொண்டே போனான்.

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு. ஊசி மாதிரி."

"இவ்வளவு தூரம் போகுதா" என்றார் அவர். முதல் தடவையாக யாரோ ஒரு நிலத்தின் முழு எல்லையைக் காட்டியதுபோல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து அந்தக் கை மடிக்கு இறங்கியது.

"தம்பி நிறுத்திட்டாங்க" என்றாள்.

ஆவுடைநாயகம் சரி என்றார். கம்பி இன்னும் செட்டில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கத் திரும்பவில்லை.